பல்லைக் கடித்துக் கொண்டு...

"டாக்டர், எனக்கு ஒரு வருஷமாக இடது காதுக்கு முன்னால் வலி. காது டாக்டர் பார்த்து விட்டு, 'காதில் ஒரு கோளாறும் இல்லை, பல் டாக்டரிடம் போங்கள்' என்றார். பல் டாக்டர், 'தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறீர்கள்' என்று சொல்லி, ராத்திரி போட்டுக் கொள்ள ஒரு பிளாஸ்டிக் உறை செய்து கொடுத்தார். என் கணவரைக் கேட்டால், 'நீ பல்லைக் கடிக்கிறியா? எனக்கு ஒண்ணும் கேட்கலையே' என்கிறார். நான் யார் சொல்வதை நம்புவது?"

ஒரு வாசகி இப்படி எழுதியிருக்கிறார். இதே கேள்வியை வேறு வேறு விதமாகக் கேட்டு இன்னும் நாலைந்து கடிதங்கள் மேஜை மேல் இருக்கின்றன. எல்லாமே பெண்கள் எழுதியவை. தாடை வலி ஆண்களை விடப் பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது. அதனால் இந்தத் தடவை பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்கி விட்டேன். குழந்தைக்குப் பல் முளைக்கும்போது வரும் பேதி பற்றிக் கேட்ட சகோதரி கொஞ்சம் பொறுத்துக் கொள்ளட்டும்.

முதலில் ஒரு சின்னச் சோதனை. பத்திரிகையை மடியில் வைத்து விட்டு, இரண்டு ஆள்காட்டி விரல்களையும் காதுக்கு நேர் முன்னால் வைத்துக் கொண்டு வாயை மெதுவாகத் திறந்து மூடுங்கள். விரலுக்கு அடியில் ஏதோ உருண்டு நகர்கிறது அல்லவா? அதுதான் தாடை மூட்டு. காதுத் துவாரத்துக்கும் அதற்கும் நடுவே மெல்லிய தடுப்புத்தான் இருக்கிறது. அங்கே வலித்தால் காது வலிக்கிற மாதிரியே தோன்றும். 1934-ல் அமெரிக்காவில் காஸ்டன் என்ற காது, மூக்கு, தொண்டை டாக்டர்தான், காது வலி என்று வந்த சிலருக்குக் காரணம் காதில் இல்லை, தாடை மூட்டில் இருக்கிறது என்று எழுதினார். அவர் சொன்ன காரணங்களில் பல பிறகு தள்ளுபடியாகி விட்டன. ஆனால் காது டாக்டரிடமிருந்து பல் டாக்டருக்கு நோயாளியை அனுப்பும் வழக்கம் மட்டும் நிலைத்து விட்டது. உங்கள் காது டாக்டர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

பல் டாக்டர் சொன்னதைப் பற்றித்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. நானும் பல் டாக்டர்தான். அதே வார்த்தையை அதே மாதிரி நானும் ஒரு அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். சொன்னது தப்பு என்று தெரிய எனக்கு மூன்று வாரம் ஆயிற்று.

2009-ல் நடந்தது இது. அந்த அம்மாவுக்கு நாற்பது வயசு இருக்கும். வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுப்பவர். கணவர் துபாயில் வேலை பார்த்தார். வலது பக்கம் கீழ்க் கடைவாயில் ஒரு பல் இல்லை.

"போன வருஷம் பிடுங்கினாங்க டாக்டரம்மா. வலி போகலை. அடுத்த பல்லுலதான் இருக்கு போல. இதையும் பிடுங்கிடுங்க" என்றார். கடையில் புளி கேட்பது மாதிரி அத்தனை சாதாரணமாகக் கேட்டார்.

பல்லைத் தட்டிப் பார்த்தேன். ஐஸ் வைத்துப் பார்த்தேன். எக்ஸ்ரேயும் எடுத்தேன். சொத்தை இல்லை, விரிசல் இல்லை, ஈறும் நன்றாக இருந்தது. ஆரோக்கியமான பல்! போன வருஷம் போனதும் இதே மாதிரி நல்ல பல்லாக இருந்திருக்குமோ என்று நினைத்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

முன்பற்களைப் பார்த்தேன். நுனி தேய்ந்திருந்தது. "ராத்திரி பல்லைக் கடிக்கிறதுண்டா?" என்று கேட்டேன். "ஆமாங்க, கடிக்கிறேன்" என்றார். சீட்டில் 'இரவுப் பல்கடிப்பு' என்று எழுதி, பல்லுக்கு அளவு எடுத்து, உறை செய்து கொடுத்து அனுப்பினேன். ஒரு பல்லைக் காப்பாற்றி விட்ட பெருமை வேறு எனக்கு.

மூன்று வாரம் கழித்து வந்தார். உறையை ஒரு ராத்திரி விடாமல் போட்டிருக்கிறார். வலி அப்படியே இருந்தது. "பிடுங்கிடுங்களேன்" என்றார் மறுபடியும்.

அன்றைக்குக் கூட்டம் அதிகம். அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, கையோடு கொண்டு வந்திருந்த ரவிக்கைக்குக் கொக்கி வைத்துத் தைத்துக் கொண்டிருந்தார். கதவு திறந்து மூடும்போதெல்லாம் எனக்கு அவர் முகம் தெரிந்தது. ஊசி துணியில் இறங்கும்போதெல்லாம் கன்னத்தில், காதுக்குக் கீழே, ஒரு முண்டு எழும்பி நின்றது. ஊசி வெளியே வந்த பிறகும் அது தணியவில்லை. ஒரு கொக்கி முடிந்ததும் நூலை முன்பல்லில் வைத்துக் 'கடக்'கென்று அறுத்தார். அடுத்த கொக்கி.

முன்பல் தேய்ந்ததற்குக் காரணம் தூக்கம் அல்ல, நூல்! நுனியில் இருந்த சின்ன வெட்டை நான் பார்த்திருந்தும் கவனிக்கவில்லை. தையல்காரர்களுக்கு அப்படி ஒரு வெட்டு விழும் என்று கல்லூரியில் படித்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. வலிக்குக் காரணமும் ராத்திரி அல்ல. பகல் முழுக்க, தனக்கே தெரியாமல், பல்லோடு பல்லை அழுத்தி வைத்துக் கொண்டிருந்தார்.

உள்ளே கூப்பிட்டு, "ராத்திரி கடிக்கிறேன்னு சொன்னீங்களே, யார் பார்த்துச் சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"யாரும் பார்க்கலைங்க. பல்லைப் பிடுங்கின டாக்டர் சொன்னாரு. அதைத்தான் உங்ககிட்ட சொன்னேன்."

கூடப் படுக்கிற மகளைக் கேட்டோம். "அம்மா பல்லு எல்லாம் கடிக்காது. குறட்டைதான் விடும்" என்றாள் அந்தப் பெண். அம்மா அவளை முறைத்தார்.

பாருங்கள், ஒரு டாக்டர் சொன்னதை நோயாளி நம்புகிறார். அதையே அடுத்த டாக்டரிடம் தன் அனுபவமாகச் சொல்கிறார். அந்த டாக்டர் அதை அத்தாட்சியாக எழுதிக் கொள்கிறார். நான் செய்தது இதுதான். நான் மட்டும் இல்லை என்பது பிறகு தெரிந்தது. 2012-ல் நியூயார்க்கில் செய்த ஒரு ஆராய்ச்சி வெளியாயிற்று. தாடைத் தசையில் வலி உள்ள 124 பெண்களையும், வலி இல்லாத 46 பெண்களையும் தூக்கப் பரிசோதனைக் கூடத்தில் படுக்க வைத்து, கன்னத்தில் கம்பி ஒட்டி, ராத்திரி முழுக்கத் தசையின் வேலையைப் பதிவு செய்தார்கள். வலி உள்ளவர்களில் பாதிக்கும் மேல், 'நாங்கள் தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறவர்கள்' என்று சொல்லியிருந்தார்கள். கருவி காட்டியதோ, வலி உள்ளவர்களிலும் சுமார் பத்தில் ஒருவர், வலி இல்லாதவர்களிலும் சுமார் பத்தில் ஒருவர்! படித்த அன்றைக்கு எனக்கு அந்தத் தையல்கார அம்மாவின் சீட்டுத்தான் கண் முன் நின்றது.

அதற்காகப் பல்கடிப்புக்கும் தாடை வலிக்கும் சம்பந்தமே இல்லை என்று நினைத்து விடக் கூடாது. தாடை வலிக்கிறது, பல் தேய்ந்திருக்கிறது, ஆகவே ராத்திரி கடிக்கிறாய் என்று மூன்றே வாக்கியத்தில் முடித்து விடக் கூடாது, அவ்வளவுதான்.

தேய்ந்த பல் பழைய கதையைச் சொல்லும், தேதியைச் சொல்லாது. இருபது வயசில் கடித்துத் தேய்த்து, பிறகு கடிப்பதை விட்டிருக்கலாம். கடிக்காமலே தேய்ந்திருக்கலாம். நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு வயிற்றுப் புளிப்பு மேலே வந்து பல்லைக் கரைக்கும். மசக்கையில் மாதக் கணக்காக வாந்தி எடுத்தவர்களுக்கும் அப்படித்தான். (மசக்கைக்காரப் பெண்களுக்கு ஒரு வார்த்தை: வாந்தி எடுத்த உடனே பல் தேய்க்காதீர்கள். தண்ணீரால் நன்றாகக் கொப்பளித்து விட்டு, அரை மணி, ஒரு மணி கழித்துத் தேய்யுங்கள்.)

நல்ல பல் டாக்டர் வேறு சிலவற்றையும் பார்ப்பார். கன்னத்தின் உள்பக்கம், பற்கள் சேரும் உயரத்தில், வெள்ளைக் கோடு ஓடுகிறதா? நாக்கின் ஓரத்தில் பல் பதிந்த தடம் இருக்கிறதா? அடைத்த பல் திரும்பத் திரும்ப உடைகிறதா? இவையும் சந்தேகம் கொள்ளத்தான் உதவும். தீர்ப்புச் சொல்லப் போதாது.

அதை விட முக்கியம் விரலால் அழுத்திப் பார்ப்பது. கன்னத் தசையையும் நெற்றிப்பொட்டுத் தசையையும், ஏறக்குறைய ஒரு கிலோ பாரம் வைத்த மாதிரி அழுத்தி, "வலிக்கிறதா?" என்று கேட்டால் போதாது. கோளாறு இல்லாத சிலருக்கும் அப்படி அழுத்தினால் கொஞ்சம் வலிக்கலாம். "இதுதான் உங்கள் வலியா? தினம் வருகிறதே, அதே வலியா?" என்று கேட்க வேண்டும். 2014-ல் தாடைக் கோளாறுகளுக்கு உலகளவில் வகுத்த பரிசோதனை முறையில் இந்தக் கேள்விதான் பிரதானம். தையல்கார அம்மாவின் கன்னத்துச் சதையை நான் அழுத்தினபோது அவர் என் கையைப் பிடித்துக் கொண்டார். "இதேதான் டாக்டரம்மா! பல்லுல வலிக்குதுன்னு சொன்னேனே, அது இதேதான்!" என்றார். தசையில் பிறந்த வலி பல்லில் போய் உட்கார்ந்து ஏமாற்றியிருக்கிறது. அதை நம்பி ஒரு பல் போயிருக்கிறது.

சரி, பகலில் கடிக்கிறோமா என்று எப்படித் தெரிந்து கொள்வது? இதில் சத்தமே வராது. 'நறநற'வென்று அரைப்பது பெரும்பாலும் தூக்கத்தில்தான். விழித்திருக்கும்போது சத்தமில்லாத அழுத்தம். சும்மா இருக்கும்போது மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடவே கூடாது என்பது உங்களுக்குத் தெரியுமா? உதடு மூடியிருக்கும், உள்ளே பற்களுக்கு நடுவே இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். இதைப் படிக்கும் இந்த நிமிஷம் உங்கள் பல் எப்படி இருக்கிறது? சொன்னதும் டக்கென்று பிரித்தீர்களானால், உங்களுக்கும் இந்தப் பழக்கம் கொஞ்சம் இருக்கிறது என்று வைத்துக் கொள்ளலாம்.

"பகல்ல பல்லைக் கடிக்கிறீங்களா?" என்று நேரே கேட்டால் எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். தெரிந்து செய்கிற காரியமாக இருந்தால் அல்லவா ஆமாம் என்பதற்கு! அந்த அம்மாவுக்கு ஒரு யோசனை சொன்னேன். ஒரு அட்டை ஸ்டிக்கர் பொட்டு வாங்கி, கண்படும் இடங்களில் எல்லாம் ஒட்டச் சொன்னேன். தையல் மெஷின் தலையில் ஒன்று, சமையலறைக் குழாயில் ஒன்று, அரிசி டப்பா மூடியில் ஒன்று, டி.வி. ஓரத்தில் ஒன்று, செல்போன் முதுகில் ஒன்று. பொட்டு கண்ணில் பட்டதும் அந்த நொடியில் பல் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பிரிந்திருக்கிறதா, லேசாகத் தொடுகிறதா, இறுக்கியிருக்கிறதா? பல் தொடாவிட்டாலும் தாடையை விறைப்பாக வைத்திருக்கிறோமா? இறுக்கமாக இருந்தால் தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்னால் ஒரு கோடு. என்ன வேலை செய்து கொண்டிருந்தோம் என்று ஒரே வார்த்தை.

முதல் மூன்று நாள் தாளில் ஒன்று, இரண்டு கோடுதான். "எனக்கு அந்தப் பழக்கமே இல்லீங்க" என்று போன் பண்ணினார். நாலாம் நாளிலிருந்து பார்க்கக் கற்றுக் கொண்டு விட்டார். பதினெட்டு, இருபத்து மூன்று, இருபது! இரண்டு வாரம் கழித்துத் தாள்களை ரப்பர் பேண்டு போட்டுக் கொண்டு வந்தார். 'கொக்கி', 'கழுத்துப் பட்டி', 'ஊசியில் நூல்' என்று நான் எதிர்பார்த்தவைதான் நிறைய. நடுநடுவே வேறு சிலவும் இருந்தன. 'மாமியார் போன்.' 'பீஸ் கட்டணும்.' 'அவர் போன் வரலை.'

நான் படித்து விட்டுத் தலை நிமிர்ந்தேன். அவர் சிரித்தார். "பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் இத்தனை வருஷம் குடும்பத்தை ஓட்டறேன்னு எல்லார்கிட்டயும் சொல்வேன். நிஜமாவே கடிக்கிறேன்னு தெரியாது டாக்டரம்மா."

இப்போது வெளிநாடுகளில் ஆராய்ச்சிக்காரர்களும் இதே வேலையைச் செல்போனில் செய்கிறார்கள். ஒரு நாளில் பல தடவை நினைத்திராத நேரத்தில் மணி அடித்து, 'இந்த நொடியில் உங்கள் பல் எப்படி இருக்கிறது?' என்று கேட்கும். நமக்குப் பொட்டு மலிவு.

ராத்திரிக்கு வருவோம். தூக்கத்தில் கடிப்பவர்களும் இருக்கத்தான் இருக்கிறார்கள். 2013-ல் பல நாட்டு நிபுணர்கள் கூடி, பல்கடிப்பு என்று சொல்வதற்கு மூன்று படி வைத்தார்கள். நோயாளியோ வீட்டாரோ சொன்னால் 'இருக்கலாம்'. டாக்டர் வாயில் அடையாளம் கண்டால் 'அநேகமாக இருக்கிறது'. கருவி வைத்துத் தூக்கத்தைப் பதிவு செய்து பார்த்தால்தான் 'நிச்சயம்'. அந்தக் கடைசிப் பரிசோதனைக்குச் செலவு அதிகம். சாதாரணத் தாடை வலிக்கு எல்லோரும் ஓட வேண்டியதில்லை. குறட்டை பலமாக இருந்து, நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறது, பகலில் தூங்கி வழிகிறீர்கள் என்றால் மட்டும் தூக்கம் சம்பந்தமான டாக்டரைப் பார்ப்பது அவசியம். தையல்கார அம்மாவின் குறட்டையையும் கேட்டு விசாரித்தேன். மூச்சு நிற்கிறதில்லை என்று மகள் சாட்சி சொன்னாள்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு: உங்கள் கணவருக்குக் கேட்கவில்லை என்பதால் நீங்கள் கடிக்கவில்லை என்று ஆகாது. அவர் ஆழ்ந்து தூங்குகிறவராக இருக்கலாம், அல்லது நீங்கள் அரைக்காமல் இறுக்குகிறவராக இருக்கலாம். வலி எப்போது அதிகம் என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். எழுந்திருக்கும்போதே தாடை விறைத்து, நெற்றிப்பொட்டு கனத்து, காப்பி குடித்து ஒரு மணி நேரத்தில் சரியாகி விடுகிறதா? ராத்திரியைச் சந்தேகிக்கலாம். காலையில் சுகமாக இருந்து சாயங்காலம் ஏறுகிறதா? பொட்டை ஒட்டுங்கள். இதைச் செய்து, தாளோடு உங்கள் பல் டாக்டரிடமே மறுபடி போங்கள். அவரும் சந்தோஷப்படுவார். அந்த உறையைத் தூக்கி எறிய வேண்டாம். அது பல்லைத் தேயாமல் காக்கும், சிலருக்கு வலியும் குறையும். கடிக்கிற பழக்கத்தை அது நிறுத்தாது. பல் சேர்க்கை சரியில்லை என்று சொல்லி நல்ல பற்களை ராவி மட்டம் பண்ணுகிறேன் என்றால் மட்டும், இன்னொரு டாக்டரைக் கேட்காமல் சம்மதிக்காதீர்கள். ராவின பல் திரும்ப வளராது.

தாடையில் 'டக்' என்று சத்தம் மட்டும் வருகிறது, வலி இல்லை, வாய் நன்றாகத் திறக்கிறது என்று ஒரு கல்லூரி மாணவி பயந்து போய் எழுதியிருக்கிறாள். பயப்படாதே அம்மா, வெறும் சத்தத்துக்கு வைத்தியம் தேவையில்லை.

எல்லாத் தாடை வலியும் பல்கடிப்பு அல்ல. உங்கள் மூன்று விரல்களை ஒன்றன் மேல் ஒன்றாக நிறுத்தி முன்பற்களுக்கு நடுவே வைத்துப் பாருங்கள். போகவில்லை, அதோடு காரம் பட்டால் வாய் எரிகிறது, பாக்குப் போடும் பழக்கம் உண்டு என்றால், அது வேறு வியாதி. பாக்கினால் வாயின் உள்தோல் விறைத்து நார் மாதிரி ஆகிற வியாதி. பின்னால் புற்றுநோயாக மாறக்கூடியது. வாசனைப் பாக்குப் பொட்டலம் சாப்பிடுகிற இளம் பெண்களிடமும் பார்க்கிறேன். பாக்கை அன்றே நிறுத்தி விட்டு டாக்டரிடம் போக வேண்டும். மாடி ஏறினால் தாடை வலிக்கிறது, வியர்க்கிறது, மூச்சு முட்டுகிறது என்றால் பல் டாக்டரிடம் வரவே வராதீர்கள். அது இருதயமாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஐம்பது தாண்டியவர்களுக்குப் புதிதாகத் தலைவலி வந்து, மெல்லும்போது தாடை அசந்து வலித்து, பார்வையும் மங்கினால் அதுவும் அன்றைக்கே காட்ட வேண்டிய விஷயம். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளாலும் பல்கடிப்பு வருவதுண்டு. மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல், எழுதிக் கொடுத்த டாக்டரிடம் சொல்லுங்கள்.

குழந்தை தூக்கத்தில் பல்லைக் கடித்தால் வயிற்றில் பூச்சி என்று பாட்டிமார் சொல்வார்கள். பூச்சி மருந்தைக் கொடுக்க வேண்டிய காலத்தில் கொடுங்கள், நல்லதுதான். ஆனால் பூச்சிதான் பல்கடிப்புக்குக் காரணம் என்பதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை. நிறையக் குழந்தைகள் கடிக்கின்றன, வளர வளர விட்டு விடுகின்றன. குறட்டை விட்டு, வாயைத் திறந்து வைத்துத் தூங்கினால் மட்டும் மூக்கையும் தொண்டையையும் காட்டுங்கள்.

தையல்கார அம்மாவுக்கு நான் செய்த வைத்தியம் பெரிதாக ஒன்றுமில்லை. நூலை அறுக்க ஒரு சின்னக் கத்தரிக்கோல், வலிக்கிற பக்கம் வெந்நீர்த் துணி ஒத்தடம், கொஞ்ச நாளைக்கு முறுக்கும் கொட்டாவியும் அளவாக, பொட்டைப் பார்த்ததும் 'உதடு சேரட்டும், பல் பிரியட்டும்' என்று மனசுக்குள் ஒரு தடவை. ஆறு வாரத்தில் வலி பாதிக்கு மேல் குறைந்தது. முழுதாகப் போய் விட்டது என்று சொல்ல மாட்டேன். தை மாதம் கல்யாண ரவிக்கைகள் குவிந்தால் திரும்ப வரும். வந்தால் புதிதாகப் பொட்டு ஒட்டிக் கொள்கிறார்.

பிடுங்கச் சொன்ன பல் இன்னும் அவர் வாயில்தான் இருக்கிறது. போன பொங்கலுக்கு எனக்கு ரவிக்கை தைத்துக் கொண்டு வந்தபோது, அந்தப் பக்கத்தாலேயே கரும்பு கடிக்கிறதாகச் சொன்னார்.